முயலாரின் சோற்றுக்கை

குழந்தைகளுக்குக் கதை எழுதி, அதற்குப் படமும் நானே போட்டு இத்தனை வருஷம் பிழைத்துவிட்டேன். யானைக்குச் சட்டை மாட்டியிருக்கிறேன். கரடி கையில் குடை கொடுத்திருக்கிறேன். ஒரு முதலைக்குப் பல்வலி வரவழைத்து, அதை வைத்தே மூன்று பதிப்பு ஓட்டியிருக்கிறேன். ஆனால் என் முதல் புத்தகத்தை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை. கேட்டால் கறையான் அரித்துவிட்டது என்பேன். (பொய். பீரோவில் பழைய வேட்டிகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.)

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு ஓரிரு வருஷம் முந்தி நடந்த கதை இது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத உடம்பு. அப்பாவுக்கு மதுரையில் பாத்திரக்கடை. கடையில் உட்காரச் சொன்னால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். நின்றால் பொட்டலம் கட்டும் தாளில் குரங்கு போடுவேன். குத்துவிளக்கு வாங்கிப் போனவர்கள் வீட்டில் தாளைப் பிரித்தால் உள்ளே குரங்கு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அப்பா ஒருநாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "சித்திரை வரைக்கும் உன் இஷ்டம். அதுக்குள்ள உன் படத்தால உருப்படியா ஒரு காரியம் நடந்துச்சுன்னு நாலு பேரு சொல்லணும். சொல்லலையா, பேசாம கடையில வந்து ஒக்காரு. அப்புறம் பென்சிலத் தொடக்கூடாது."

பென்சிலைத் தொடாமல் நான் என்ன ஆவேன்? சித்திரைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. வைகைப் பாலத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடந்து நடந்தே செருப்பு தேய்ந்தது.

அப்போதுதான் திருவாதவூர் சோலைமலை கடைக்கு வந்தார். நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி, அப்பாவின் பழைய சிநேகிதர். மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் பார்த்துக்கொண்டே புலம்பினார்.

"எங்கூருப் பிள்ளைகள பந்தியில ஒக்கார வச்சுப் பாத்திருக்கியாண்ணே? இலையில பாதி, தரையில பாதி. சம்பந்தகாரவுக மேலூரு ஆளுக, எம்புட்டு நறுவிசு! எம் மானம் போகப்போகுது."

நான் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தேன். "மாமா, நான் ஒரு படப் புத்தகம் போட்டுத் தாரேன். ஒழுங்கா எப்படிச் சாப்பிடுறதுன்னு மிருகங்க சொல்லித் தரும். பந்திக்கு முன்னாடி பிள்ளைக கையில குடுத்துருங்க."

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் 'இதுதான் கடைசி' என்று எழுதியிருந்தது.

புத்தகத்தில் முயல்தான் நாயகன். முயலார் கை கழுவுவார், வரிசையில் உட்காருவார், சிந்தாமல் உண்பார். பந்திப் படத்தில் ஒரு தந்திரம் செய்தேன். முயலாரை முதுகுப்புறத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தேன். பார்க்கிற குழந்தைக்குத் தானே அந்த இலைமுன் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றவேண்டும் என்பது யோசனை. கீழே ஒரு வரி: 'முயலார் செய்வது போலவே நாமும் செய்வோம்.' இப்படியொரு மூளை மதுரை ஜில்லாவிலேயே யாருக்கும் கிடையாது என்று நம்பினேன்.

அச்சுக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு சின்ன கல்லச்சுக்கூடம் கிடைத்தது. வழுவழுப்பான கல் பலகையின்மேல் பிசுக்கு மையால் வரைந்து, அதன்மேல் தாளை அழுத்தி எடுப்பார்கள். அங்கே மேஸ்திரி காதர் பாய். முதல் நாளே சொன்னார்: "தம்பி, கல்லுல இருக்கறது தாள்ல மாறி விழும். எல்லாத்தையும் திருப்பிப் போடணும், பாத்துக்கங்க."

"தெரியும் பாய்!" என்றேன். (அதற்கு முன் கல்லச்சைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.)

எழுத்தைத் திருப்பி எழுதுவது லேசான வேலையா? கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் மூக்கால் அழுதேன். ஓர் எழுத்துக்கு நாலு தடவை எழுந்து நடந்தேன். எழுத்து முடிந்ததும் அக்கடா என்று படங்களை எனக்கு வந்த வாக்கில் நேராகவே போட்டுத் தள்ளிவிட்டேன். கரடி எந்தப் பக்கம் திரும்பினால் என்ன, கரடி கரடிதானே!

முதல் தாளை இழுத்துக் காதர் பாய் நீட்டினார். "நிதானமாப் பாருங்க தம்பி."

எனக்கா நிதானம்? நின்ற காலோடு வாங்கினேன். நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: மூலையில் என் பெயர். நேராக விழுந்திருந்தது. அழகாக இருந்தது. "பிரமாதம் பாய், ஓட்டுங்க!" என்று தெருவுக்கு ஓடிவிட்டேன்.

கல்யாணத்தன்று அப்பாவும் நானும் புத்தகக் கட்டுகளோடு மாட்டுவண்டியில் திருவாதவூர் போனோம். தாலி கட்டி முடிந்தது. பந்திக்கு இலை போட ஆரம்பித்தார்கள். ஒரு வரிசை முழுக்கப் பிள்ளைகள், நாற்பது பேருக்குக் குறையாது. ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தேன். படிக்கத் தெரிந்த ஒரு பெரிய பெண் உரக்கப் படித்தாள்: "முயலார் செய்வது போலவே நாமும் செய்வோம்!"

பிள்ளைகள் எல்லாரும் புத்தகத்தை விரித்தார்கள். படத்தைப் பார்த்தார்கள். தங்கள் இலையைப் பார்த்தார்கள். முதல் பையன் தன் இலையைப் பிடித்து, நுனி வலப்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டான். பக்கத்துப் பெண்ணும் திருப்பினாள். வரிசை முழுக்க இலைகள் சரசரவென்று திரும்பின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சோறு விழுந்தது. நாற்பது பிள்ளைகளும் வலது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, இடது கையால், ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். முயலார் இடது கையால் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார். கரடியும் அப்படியே. அணில் இடது கையால் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆறடி ஆள். எதிர்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார்.

"யோவ் சோலைமலை! இது கல்யாணப் பந்தியா, கருமாதிப் பந்தியா? இலைய மாத்திப் போட்டு, பீச்சாங்கையில திங்க வச்சு... எங்கள அசிங்கப்படுத்தவா வரச்சொன்ன? எந்திரிங்கப்பா, கெளம்புவோம்!"

சோலைமலை ஒரு வாண்டின் கையைப் பிடித்து மாற்றப் பார்த்தார். அவன் விடவில்லை. "மொயலு இப்டித்தான் திங்கிது! பொஸ்தகத்துல போட்டுருக்கு!" என்று கத்தினான். மணப்பெண் மணவறையிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். என் பென்சில் போனால் போகிறது, அந்தப் பெண்ணின் கல்யாணம் என்ன பாவம் செய்தது!

கண் எங்கெல்லாமோ அலைந்தது. சீர்வரிசையில் ஒரு நிலைக்கண்ணாடி சாய்த்து வைத்திருந்தார்கள். ஓடிப்போய்த் தூக்கினேன். நல்ல கனம். தாய்மாமன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, புத்தகத்தை எதிரே விரித்துப் பிடித்தேன்.

"அண்ணே, தப்பு எம்மேலதான்! கல்லுல நேரா வரைஞ்சு தொலைச்சுட்டேன், தாள்ல மாறி விழுந்துருச்சு. இந்தா, கண்ணாடியில பாருங்க. முயலு சோத்தாங்கையிலதான் திங்கிது!"

அவர் குனிந்தார். கண்ணாடிக்குள் முயலார் வலது கையால் கண்ணியமாக உண்டுகொண்டிருந்தார். தாய்மாமன் புத்தகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், வியர்த்து வழிந்த என்னைப் பார்த்தார். மீசை ஆடியது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போய், தொப்பை குலுங்க உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஒண்ணு செய். எல்லாப் பிள்ளைக்கும் இதே மாதிரி காட்டு. ஒண்ணு விடாம கை மாறணும். அப்பத்தான் நாங்க கை நனைப்போம்."

அதற்குப் பிறகு நான் பட்டதைச் சொல்லவேண்டுமா? ஒரு கக்கத்தில் நிலைக்கண்ணாடி, ஒரு கையில் புத்தகம். நாற்பது இலை முன்னாலும் குனிந்து குனிந்து, "பாரு கண்ணு, முயலு எந்தக் கையி?" என்று காட்டிக்கொண்டே போனேன். அடுத்த பந்திக்குப் பெரியவர்களும் "எங்களுக்கும் காட்டுப்பா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று பந்தி. எனக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மூன்றாம் பந்தி முடிந்து வண்டி மதுரைக்குத் திரும்பியது. நான் நுகத்தடியைப் பார்த்தேன், சக்கரத்தைப் பார்த்தேன், நாலு தடவை இறங்கி நடந்து மறுபடி ஏறினேன். யானைமலை வந்தது. வழக்கமாக அதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அன்றைக்கு அது வெறும் பாறையாகப் படுத்துக் கிடந்தது.

"நாளைக்கே கடைக்கு வாரேன்ப்பா" என்றேன்.

"ஒண்ணும் வர வேணாம்."

திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பெத்தவ சொன்னா கேக்காததுக, வாத்தியாரு அடிச்சாலும் கேக்காததுக. நாப்பது உருப்படி. உன் முயலு ஒரு தடவ சொன்னதும் இலையத் திருப்பிப் போட்டுச்சுக பாத்தியா?" அப்பா மலையைப் பார்த்தபடியே பேசினார். "ஒரு பருக்க கீழ விழுகலடா. சோலைமலையே என்கிட்டச் சொன்னான். இருபத்திரெண்டு வருசமா நான் சொல்லி நீ ஒண்ணாச்சும் கேட்டிருக்கியா? போ, போய்ப் படம் போடு. அடுத்ததுல முயல எண்ணெ தேச்சுக் குளிக்கச் சொல்லு."

வண்டியில் முதல்முறையாக நான் அசையாமல் உட்கார்ந்தேன்.

காதர் பாயிடம் மறுநாள் போய்ச் சண்டை பிடித்தேன். "பாத்தேன் தம்பி," என்றார் சாவதானமாக. "மிருகந்தானே, அதுக்கு ஏது சோத்தாங்கைன்னு விட்டுட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இடது கைக்குப் பெயர் முயல் கை. "முயல் கைப் பக்கம் திரும்புப்பா" என்று என் மனைவி குதிரைவண்டிக்காரருக்கு வழி சொல்ல, அவர் வண்டியை நிறுத்திவிட்டு விழித்ததுண்டு. போன வருஷம் என் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அவள் பிறவியிலேயே இடது கைக்காரி. டீச்சர் அதட்டி, "எந்தக் கையில எழுதுற? யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டாராம்.

அவள் அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, "எங்க தாத்தா போட்ட கை டீச்சர்" என்றிருக்கிறாள்.