டிக்கியில் தலகாணி

பூனாவில் காதால் பாட்டுக் கேட்கிறவர்கள் எத்தனையோ லட்சம் பேர். முதுகால் பாட்டுக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் தலகாணி.

ஞானஸ்நானத்தில் நல்ல பெயர் ஏதாவது வைத்திருப்பார்கள். பூனாவிலேயே கட்கியில் பிறந்து வளர்ந்தவர், தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்து கன்டோன்மென்ட்டில் தங்கிவிட்ட குடும்பம். ஆனால் எந்நேரமும் கக்கத்தில் கோடு போட்ட உறை மாட்டிய ஒரு தலையணையோடு அலைகிறவரை வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? கார் டாஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து வயர் இழுக்கிற வேலை. கழுத்துக்கு அணை வேண்டும் என்பார். அதில் தப்பில்லை. டீ குடிக்கப் போகும்போதும் அதைத் தூக்கிக்கொண்டு போவதுதான் எனக்குப் புரியவில்லை.

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். நாலாங்கிளாசோடு பள்ளிக்கூடமும் நானும் பேசி வைத்துக்கொண்டு பிரிந்துவிட்டோம். திருநெல்வேலியிலிருந்து மாற்றுச் சட்டை இல்லாமல் வந்து, மிலிட்டரி ஆபீசர்களின் கார்களைத் துடைத்து, சீட் கவர் தைத்து, இன்று பூனா ஔந்தில் கண்ணாடிக் கதவு போட்டுக் கார் சாமான் கடை வைத்திருக்கிறேன். நாலு பாஷையில் பேரம் பேசுவேன். படித்தவனால் இது ஆகாது. அவன் யோசிப்பான், அதற்குள் நான் பில் போட்டுவிடுவேன்.

அப்பேர்ப்பட்ட என்னை, என் கடையிலேயே, என் வாடிக்கையாளர் முன்னாலேயே, "சும்மா இருங்க அண்ணாச்சி" என்று அதட்டிய ஒரே ஆள் என் ஃபிட்டர் தலகாணிதான்.

ஒரு ஐ.டி. பையன் வந்து, "ஆயிரம் வாட்ஸ் ஸ்பீக்கர் காட்டுங்க" என்பான். நான் ஆசையோடு பெட்டியை எடுப்பேன். தலகாணி குறுக்கே வந்து விழுவார்.

"அரே தம்பி, பெட்டி மேல எழுதுன வாட்ஸ், பொண்ணு பாக்க வந்தவன் சொல்ற சம்பளம் மாதிரி. என்னிக்கோ ஒரு நாள் எட்டிப் பாத்தத எழுதி வச்சிருப்பான். தினம் எவ்ளோ தாங்கும்னு உள்ள சின்ன எழுத்துல போட்டிருப்பான், அத படி."

பையன் படித்துவிட்டு முகம் சுருங்குவான். நான் தலகாணியை முறைப்பேன். அவர் தலையணையைத் தட்டிச் சரி செய்துகொண்டிருப்பார்.

ஸ்பீக்கர் தேர்ந்தெடுக்க அவரிடம் தனி முறை இருந்தது. பாட்டே போட மாட்டார். "ஊட்ல யாரு கொரலுக்கு நீ பயப்படுவ?" என்று கேட்பார். கல்யாணமானவன் என்றால் பெண்டாட்டி, ஆகாதவன் என்றால் அம்மா. அந்தம்மாவிடமிருந்து போனில் ஒரு வரி பேசி வாங்கச் சொல்வார். ஆளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, அந்த ஒரு வரியையே ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போடுவார். எதில் ஆள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறானோ அதுதான் அவனுக்கு ஸ்பீக்கர். "ஊட்டுக் கொரல அப்டியே பேசுற ஸ்பீக்கரு, எந்தப் பாட்டையும் பொய்யா பாடாது" என்பது அவர் சித்தாந்தம். ஒரு பேங்க்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப ஒரிஜினலா இருக்கு, வேற காட்டுங்க" என்று வியர்வையைத் துடைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

இதற்கு மேல் ஒன்று உண்டு. டிக்கியில், தும் தும் என்று பேஸ் அடிக்கும் சப்ஊஃபர் வைக்கும் வண்டி என்றால், அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் தானே டிக்கிக்குள் படுத்துக்கொள்வார். மூடியில் ஒரு கயிறு கட்டி உள்ளேயிருந்து இழுத்து மூடிக்கொள்வார். மற்றவர்கள் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வர வேண்டும். அவர் உள்ளே முஷ்டியால் தகரத்தை நாலா பக்கமும் குத்திக்கொண்டே வருவார். எங்கே நட்டு ஆடுகிறது, எந்தத் தகரம் கூடப் பாடுகிறது என்று முதுகால் கண்டுபிடிப்பாராம். "மொதல்ல மனுசன் அடிக்கணும், அப்பறம்தான் மிஷின்" என்பார். பின் சீட்டின் நடுவே கையை வைக்கும் பலகையை மடக்கினால் டிக்கிக்கு ஒரு ஓட்டை வரும். அதைத் திறந்து வைத்துக்கொள்வதால் மூச்சுக்குப் பழுதில்லை. ஒரு வழக்கம் மட்டும் மாறாது. எந்த வண்டியில் ஏறினாலும் செருப்பைக் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். வண்டி சர்ச் மாதிரியாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

என் மகள் தன் ஆபீசிலேயே ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். எங்கள் பக்கம் சம்மதம். பையனின் அப்பா சென்னையில் ஓய்வு பெற்ற காலேஜ் புரொஃபசர். போனில் நான் அரை மணி நேரம் பேசினால் அவர் "ம்" என்பார். கடைசியில், "நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் என் மகள் சரியாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மனுஷர் பாட்டுப் பிரியர் என்று மட்டும் பையன் சொல்லியிருந்தான்.

அது போதாதா எனக்கு? புதுக் கார் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "நீ என்ன செய்வியோ, அவர் ஏறி உக்காந்ததும் வாயத் தொறக்கணும்" என்று வண்டியைத் தலகாணியிடம் கொடுத்தேன்.

முதல் வேலையாக, டிக்கிக்குள் ஒரு மூலையில் உப்புத்தாளால் பெயின்டைச் சுரண்டினார்.

"யோவ், புது வண்டிய்யா."

"எர்த் வயரு பெயின்ட் மேல ஒக்காந்தா பாட்டு வராது அண்ணாச்சி, கொசு பாடும். சும்மா இருங்க."

பேட்டரி வயரை ஒரு பக்கமும் பாட்டு வயரை மறு பக்கமும் கொண்டுபோனார். ஏன் என்று கேட்டேன். "மாமியாரையும் மருமகளையும் ஒரே ரூம்ல வுடுவீங்களா? இஞ்சின் சத்தம்லாம் பாட்டுல வந்து பொலம்பும்." ஸ்பீக்கருக்கு என் மனைவி பாக்கியத்தின் குரலைப் பதிவு செய்தார். அவள் கொடுத்த வரி: "ஏங்க, கேஸ் தீந்துட்டு." மூன்றாவது ஸ்பீக்கரில் நான் என்னையறியாமல் வண்டிச் சாவியை எடுத்தேன். அதையே கதவில் மாட்டினார்.

அவர்கள் வரும் நாள் காலை. பல் நடுங்குகிற டிசம்பர்க் குளிர். நான் வீட்டில் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தால் வண்டி வாசலில் பளபளவென்று நிற்கிறது, சாவி அதிலேயே இருக்கிறது, தலகாணியைக் காணோம். வேலை முடித்து டீக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். விமானம் இறங்கும் நேரம் நெருங்கிவிட்டது. ஏறினேன், பாட்டைப் போட்டேன், லோஹேகாவ் ஏர்போர்ட் பக்கம் விட்டேன்.

என்ன ஒரு பேஸ். தும், தும், தும் என்று இடுப்பில் வந்து அடிக்கிறது. ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கிறான். பாதி வழியில் தாளம் இன்னும் வேகமெடுத்தது. தலகாணி தெய்வப் பிறவி என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் சத்தம் மெதுவாக அடங்கிவிட்டது. பாட்டு மாறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஏர்போர்ட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்துபோய்ச் சம்பந்தியையும் சம்பந்தியம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் என் பேஸின் பெருமைதான். அவர் "ம்" என்றார். அப்போதுதான் பாக்கியம் போன் பண்ணினாள்.

"ஏங்க, கடைப் பக்கம் வந்தேன். தலகாணியண்ணனக் காணலயே. எங்க போனாக?"

"டீ குடிக்கப் போயிருப்பான்."

"செருப்பு வாசல்ல கெடக்கு. வெறுங்கால்லயா டீ குடிக்கப் போவாக?"

ஔந்திலிருந்து லோஹேகாவ். அடங்கிப்போன அந்த தும் தும். நான் ஓடினேன். அதற்குள் புரொஃபசர், நான் கை காட்டியிருந்த வண்டியின் டிக்கி அருகே பெட்டியோடு போய் நின்றுவிட்டார். டிக்கியைத் திறந்தேன்.

தலையணையைக் கட்டிக்கொண்டு, கால்களை மடக்கி, கண்ணை மூடிக் கிடந்தார் தலகாணி. அசைவில்லை. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் தலகாணியின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

ஒரு கண்ணைத் திறந்தார். "நம்பர் பிளேட் ஆடுது அண்ணாச்சி. வேற ஒண்ணும் இல்ல. ஏன் இவ்ளோ பெரிய ரவுண்டு?"

நான் அப்படியே டிக்கி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"உயிரோட இருக்கியாய்யா... பாட்டு அந்த அடி அடிச்சுதே, உனக்குக் காது என்னாச்சு?"

"எந்தப் பாட்டு? சப்ஊஃபருக்கு இன்னும் கரண்டே குடுக்கல." சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்துக் காட்டினார். "வேலை முடியாம இத நான் யாருகிட்டயும் குடுக்கறதில்ல. இவ்ளோ நேரம் அடிச்சது நானு. நடுவுல நிறுத்தச் சொல்லியும் அடிச்சேன். நீங்க சவுண்ட ஏத்துனீங்க. சரி ஆச தீரட்டும்னு தூங்கிட்டேன்."

புரொஃபசர் என்னைப் பார்த்தார். தலகாணியைப் பார்த்தார். என் மகளின் வாழ்க்கை அந்தப் பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தது. தலகாணிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? இறங்கி, வெறுங்காலோடு முன்னால் போய் பானெட்டைத் தூக்கி, பேட்டரி அருகே ஃபியூஸைச் செருகினார். திரும்பி வந்து சம்பந்தியம்மாவிடம் போனை நீட்டினார்.

"மேடம், சாரு கிட்ட தினம் சொல்றது எதுனா ஒரு வரி சொல்லுங்க."

அந்தம்மா பயத்தில் யோசிக்காமல் சொன்னார். தலகாணி எங்கள் எல்லோரையும் வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தி, அதைப் போட்டார். காருக்குள் நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது: "என்னங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

புரொஃபசரின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்தது. எடுத்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி வாயே திறக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

சிரித்தார். அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் நம்பர் பிளேட் மறுபடி ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை போட்டார். "உங்க வீட்ல பொண்ணு எடுத்தா இவரும் கல்யாணத்துக்கு வருவார்தானே?"

நான் வெளியே இறங்கி நின்று மகளுக்குப் போன் பண்ணினேன். "எம்மா, சாப்பிடு" என்றேன்.

கல்யாணத்துக்குத் தலகாணி வந்தார். தலையணைக்குப் பட்டு உறை போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வருடம் கழித்து, பெங்களூரில் இருக்கிற தன் மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது கடையில் புது ஃபிட்டர் இருக்கிறான். நல்லவன், செருப்புப் போட்டுக்கொண்டே வண்டியில் ஏறுகிறான்.

நான் மட்டும், எந்த வண்டியின் டிக்கியைத் திறப்பதானாலும், யாரும் பார்க்காதபோது மூடியில் இரண்டு தட்டுத் தட்டுகிறேன். உள்ளேயிருந்து பதில் வருவதற்கு ஒரு நிமிஷம் விட்டுவிட்டுத்தான் திறக்கிறேன்.