பின்னுக்கு நிற்பவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு முதலே வாமதேவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். விளையாட்டுத் தொடங்கி நாற்பது நிமிடந்தான் ஆகியிருந்தது. இருபத்தெட்டுப் பேரில் அவருக்கு இருபத்தேழாவது இடம். இருபத்தெட்டாவது ஆளான றூபன் ஏற்கனவே பப்பின் பார் மேசையடியில் நின்று கச்சான் கொறித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேருக்கும் பின்னால் மாறி மாறி நின்ற றெஜினோல்டுக்குத்தான் கால் நொந்தது. மனமும் நொந்தது.

"பரவாயில்லை தம்பி. அடுத்த கிழமை பாப்பம்," என்று வாமதேவனின் தோளைத் தட்டினார்.

"ஓம் அண்ணை. பசிக்குது. ஏதும் சாப்பிடுவமே?"

உள்ளே உடைந்துபோன மனிதன் இப்படித்தான் சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பான் என்று றெஜினோல்ட் நினைத்துக்கொண்டார். வழமைபோல றூபனின் மனைவி எமில்டாவுக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி அனுப்பினார்: "பிள்ளை, இரண்டு பேரும் தோத்துப்போட்டினம். வீட்டில ஒண்டும் கேட்டுப்போடாதை. மனம் சரியில்லை."

எமில்டாவிடமிருந்து ஒரு கும்பிட்ட கை வந்தது.

இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த பப்பில் ஞாயிறுதோறும் போக்கர் லீக் நடக்கும். காசு கிடையாது, புள்ளிகள் மட்டுந்தான். சீசன் முடிவில் கூடிய புள்ளி எடுத்த ஒன்பது பேர் ஒரு கிண்ணத்துக்காக விளையாடுவார்கள். வாமதேவன் கார் ஓட்டப் பழக்குகிறவர். றூபனுக்கு டயர்க் கடை. இரண்டு பேருக்கும் ஐம்பத்தைந்து வயது, இரண்டு பேருக்கும் கொலஸ்ட்ரோல். இந்த வயதில் இவர்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குத் தானே காரணம் என்பது றெஜினோல்டின் முடிவு.

பதினெட்டு வருடமாக ஞாயிறு பூசை முடிய, றெஜினோல்டின் சாப்பாட்டு மேசையில் முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் நடக்கும். றெஜினோல்டும் மனைவி மரியநாயகியும் ஒரு பக்கம், இவர்கள் இருவரும் மற்றப் பக்கம். போன மாரியில் மரியநாயகி காலமாகிவிட்டா. எதிர்க் கதிரையில் இன்னொருவரை இருத்திப் பார்க்க றெஜினோல்டுக்கு மனம் வரவில்லை. இனிச் சீட்டைக் கையால் தொடுவதில்லை என்று சொல்லி, சீட்டுக்கட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். தபால் பிரிக்கும் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றிருந்தார். பூசைக்குப் போனார், வந்தார், படுத்தார். இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு ஒருநாள் நண்பர்கள் இருவரும் வாசலில் வந்து நின்று, தாங்கள் போக்கரில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

றெஜினோல்ட் பதறிப்போனார். ஒழுங்காக முந்நூற்றுநாலு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள். தான் கைவிட்டதால் பப்பில் போய் விழுந்துவிட்டார்கள். "நான் தொடமாட்டன். ஆனா உங்களைத் தனிய விடவும் ஏலாது. பின்னுக்கு நிண்டு பாக்கிறன்," என்றார்.

அவர் வசனத்தை முடிக்க முதலே இருவரும் சம்மதித்தார்கள். அவ்வளவு தூரம் துணையில்லாமல் தவித்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பின்னுக்கு நிற்பது ஒரு சின்ன உத்தியோகமில்லை. மன்னாரில் சீட்டு விளையாடுகிற எந்த வீட்டிலும் விளையாட நாலு பேர் என்றால் பின்னுக்கு நிற்க ஆறு பேர் இருப்பார்கள். அவர்கள் பெருமூச்சு விடலாம், நாக்கைச் சப்பலாம், விளையாட்டு முடிய "அதை ஏன் இறக்கினனீ?" என்று கேட்கலாம். றெஜினோல்ட் அந்த உத்தியோகத்தை லண்டனிலும் குறைவில்லாமல் செய்தார். சட்டைப் பையில் செபமாலை. சீட்டு மோசமென்றால் மணியை உருட்டத் தொடங்குவார். மிக மோசமென்றால் வேகமாக உருட்டுவார்.

அப்படியிருந்தும் தோல்விதான். சீசன் முழுவதிலும் இரண்டே இரண்டு ஞாயிறுகள் மட்டும் விதிவிலக்கு. அந்த இரண்டு கிழமையும் றெஜினோல்ட் காய்ச்சலில் படுத்திருந்தார். முதற்கிழமை வாமதேவன் முதலாவது, றூபன் இரண்டாவது. அடுத்த கிழமை றூபன் முதலாவது, வாமதேவன் இரண்டாவது. செத்தவீட்டுச் செய்தி சொல்வதுபோலத் தணிந்த குரலில் போனில் சொன்னார்கள். படுக்கையில் கிடந்து ஐம்பத்துமூன்று மணியையும் இடையில் நிறுத்தாமல் சொல்லி முடித்ததன் பலன் என்று றெஜினோல்ட் கணித்தார். அந்தப் புள்ளிகளின் புண்ணியத்தில் வாமதேவன் இப்போது பட்டியலில் ஒன்பதாவதாகத் தொங்கிக்கொண்டிருந்தார். றூபனுக்குப் பத்தாவது இடம்.

ஒரு கிண்ணம் கிடைத்துவிட்டால் போதும், இவர்கள் ஆசை தீர்ந்து இதை விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தான் என்ன செய்வது என்ற கேள்வியை மட்டும் றெஜினோல்ட் கிட்ட வரவிடவில்லை.

நண்பர்கள் சாப்பாட்டுக்குச் சொல்லப் போன நேரம் டொரீன் அவரைக் கூப்பிட்டா. டொரீனுக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையில் கம்பளி பின்னுவா. வாமதேவனையும் றூபனையும் கிழமைதோறும் வெளியே அனுப்புகிறவ அவதான்.

பின்னலை நிமிர்ந்து பார்க்காமலே, தான் சொல்லப்போவதற்குக் கோபிக்கக் கூடாது என்றா. றெஜினோல்டின் நண்பர்களின் கையில் என்ன இருக்கிறது என்று தனக்கு எப்போதும் தெரியுமாம். அவர்கள் முகத்தில் ஒன்றுமே தெரியாது. பின்னால் நிற்கிறவரின் முகத்தில் எல்லாம் தெரிகிறது. தொடக்கத்தில் தனக்கே குழப்பமாக இருந்ததாம். ஜாக்கும் ஒன்பதும் வந்தால் இந்த மனிதர் பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன்போலப் பூரித்து நிற்பார். ராஜாவும் ராணியும் வந்தால் முகம் தொங்கிப்போகும். இரண்டு கிழமை கவனித்த பிறகுதான், இவர் வேறு ஏதோ விளையாட்டின் கணக்கில் பார்க்கிறார் என்று பிடிபட்டதாம். அதன்பிறகு சுகம்.

றெஜினோல்ட் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார். முந்நூற்றுநாலில் ஜாக்தான் எல்லாவற்றுக்கும் பெரியது. அடுத்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் பத்துக்கும் கீழேதான். நாற்பது வருடப் பழக்கம், முகம் தன்பாட்டில் வேலை செய்திருக்கிறது.

"மணி உருட்டுறதும் தெரியுமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அது கேட்கும் என்றா டொரீன். உருட்டும் வேகத்தை வைத்துத்தான் எவ்வளவு ஏற்றிக் கேட்பது என்று மேசையில் எல்லோருமே முடிவெடுப்பார்களாம்.

நண்பர்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. தானே திருத்திவிடலாம் என்று அடுத்த கிழமை ஒரு கறுப்புக் கண்ணாடியும், கொரோனாக் காலத்தில் மிஞ்சிய முகக்கவசமும் போட்டுக்கொண்டு வந்தார். செபமாலையை வீட்டில் வைத்துவிட்டார்.

"என்னண்ணை, கண்ணில ஏதுமோ?" றூபன் கேட்டார்.

"வெளிச்சம் குத்துது."

"உள்ளுக்கை வெளிச்சமே இல்லையே, அண்ணை."

"அதுதான் குத்துது," என்றார் றெஜினோல்ட்.

முதல் சுற்றிலேயே வாமதேவனுக்கு இரண்டு ஆஸ் வந்தது, போக்கரில் அதைவிடப் பெரிய தொடக்கம் இல்லை. றெஜினோல்ட் மூச்சை உள்ளே இழுத்தார். முகக்கவசம் மூக்கோடு போய் ஒட்டிக்கொண்டது. மேசையில் இருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் சீட்டைக் கவிழ்த்து வைத்து விலகிக்கொண்டார்கள். அடுத்த முறை வாமதேவன் வெறுங்கையோடு துணிந்து தன் சிப்ஸ் வில்லைகள் முழுவதையும் நடுவில் தள்ளினார். பின்னால் முகக்கவசம் பலூன்போல ஊதியது. டொரீன் மனம் வருந்தியபடி எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டா.

நல்லகாலம், பத்தாவது இடத்தில் இருந்த றூபனும் அன்று தோற்றதால் வாமதேவன் ஒன்பதாவதாகவே நின்றார். அடுத்த ஞாயிறு கிண்ணத்துக்கான ஆட்டம்.

அந்தக் கிழமை முழுக்க றெஜினோல்ட் யோசித்தார். கண்ணாடி சரிவரவில்லை. இனி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் டொரீன் முதுகை வாசிப்பா. ஒரே வழிதான் இருந்தது. அதைச் செய்ய அவருக்கு விருப்பமேயில்லை. அந்த பப்பின் ஒட்டுகிற கம்பளமும், ஆறிப்போன உருளைக்கிழங்கும், வாமதேவனின் பின்மண்டையும் தனக்கு இவ்வளவு தேவைப்பட்டுவிட்டன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை போன் எடுத்து, முழங்கால் பிடித்துவிட்டது, வரமாட்டேன் என்றார். "நீங்கள் போய் விளையாடுங்கோ. நான் இஞ்சையிருந்து செபிக்கிறன்."

மறுபக்கத்தில் வாமதேவன், "சரி அண்ணை," என்றார்.

ஒன்றேகாலுக்கு வாசல் மணி அடித்தது. வாமதேவன், றூபன், கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு எமில்டா. றெஜினோல்ட் ஓடிப்போய்க் கதவைத் திறந்த பிறகுதான் முழங்கால் ஞாபகம் வந்து நொண்டினார்.

"என்ன இது? இரண்டு மணிக்கு ஆட்டமெல்லோ?"

"நீங்கள் வராட்டில் நாங்களும் போகேல்லை," என்று சொல்லி றூபன் சப்பாத்தைக் கழற்றினார்.

"விசர்க்கதை கதைக்காதை. கிண்ணம், தம்பி. ஒன்பது பேரில ஒருத்தன்."

"கிண்ணம் கிடக்கட்டும், அண்ணை. முழங்காலுக்கு என்ன பூசினீங்கள்?" வாமதேவன் சோபாவில் சாய்ந்துகொண்டார். எமில்டா குசினிக்குள் போய்க் கோப்பைகளைத் தேடினா.

றெஜினோல்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்று இருபத்திரண்டு. முழங்காலில் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டார். அவர்கள் அசையவில்லை. தனியே இருக்க விரும்புவதாகச் சொன்னார். றூபன் டிவியைப் போட்டார். வெட்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இனி நேரமில்லை.

"கேளுங்கோ. நீங்கள் தோத்தது என்னாலை," என்றார். "என்ரை முகத்தைப் பாத்துத்தான் அவை உங்கட சீட்டைக் கண்டுபிடிச்சவை. சீசன் முழுக்க. அந்தக் காய்ச்சல் கிழமையள்ல மட்டும்தான் நீங்கள் நீங்களா விளையாடினனீங்கள். டொரீன் சொன்னவ. இண்டைக்கு நான் இல்லாமப் போனா நீ வெல்லுவாய், வாமதேவன். எழும்பு."

நண்பர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். றூபன் டிவியை நிறுத்தினார்.

"அது தெரியும், அண்ணை," என்றார் வாமதேவன். "உங்களுக்குச் சொல்ல மூண்டு மாசத்துக்கு முன்னமே அந்த மனிசி எங்களுக்குச் சொல்லிப்போட்டுது."

"தெரிஞ்சுகொண்டோ என்னைப் பின்னுக்கு விட்டனீங்கள்? வெல்ல ஆசைப்பட்ட ஆக்கள் செய்யிற வேலையே இது?"

இருவரும் கம்பளத்தைப் பார்த்தார்கள். குசினி வாசலில் கோப்பையோடு நின்ற எமில்டாதான் சொன்னா:

"இவையளுக்கு அந்த விளையாட்டே பிடியாது, றெஜி அண்ணை, உங்களை ஞாயிற்றுக்கிழமையள்ல வீட்டை விட்டு வெளிக்கிடுத்த வேறை வழி தெரியாமல், இரண்டு பேரும் எங்கட அறைக்குள்ள இருந்து யூடியூப் பாத்துப் பழகினவை."