கோதண்டராமனின் கோட்டை

உலகில் விழாத கோட்டை எதுவும் இல்லை என்கிறது வரலாறு. ஒரகடத்தில் கார் சீட்டுக்குக் கம்பி வளைக்கும் ஒரு கம்பெனியின் மெயில் சர்வர் மட்டும் அதற்கு விதிவிலக்கு. ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்து, ஐ.டி. மேனேஜர் கோதண்டராமன் தம் கையாலேயே அதில் 'கண்டிப்பு' என்ற செட்டிங்கைப் போட்டார். என்கிரிப்ஷன் என்னும் பூட்டு இல்லாத மெயில் எதுவும் அன்று முதல் உள்ளே வராது, வெளியேயும் போகாது.

இன்று வரவேண்டியது, அந்தக் கண்டிப்பைப் பாராட்டி கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆடிட்டர் தரும் சர்டிபிகேட். அதுவும் வரவில்லை.

"சார், ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து போன். சர்டிபிகேட் அனுப்புனா திரும்பி வந்துடுதாம்" என்றாள் டெஸ்பாட்ச் ஷாரோன்.

"அவங்க சர்வர் பழசும்மா. பூட்டு இல்லாம அனுப்புறாங்க. நம்ம செட்டிங் கரெக்டா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"செஞ்சிக்கினே இருக்கட்டும் சார். மதியத்துக்குள்ள கஸ்டமருக்குக் காட்டலைன்னா ஆர்டரு புனேக்குப் போயிடும். செகண்ட் ஷிப்ட் பஸ்ஸ பாதி வழியிலயே திருப்பிவுட வேண்டியதுதான்."

கோதண்டராமன் ஆடிட்டருக்கு மட்டும் விலக்குக் கொடுத்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தார். எழுந்த சர்வருக்குக் கண்டிப்பு கூடியிருந்தது. இப்போது சொந்த ஸ்கேனர் அனுப்பும் மெயிலையும் ஏற்க மறுத்தது.

"கேட் பாஸ் ஸ்கேன் பண்ணது செக்யூரிட்டிக்குப் போவல சார். லோடு லாரி நிக்குது. டிரைவரு நம்ம பரம்பரையையே இழுக்குறாரு."

"என்கிரிப்ஷன்னா என்னன்னு அவருக்கு எடுத்துச் சொல்லும்மா."

"நீங்களே வந்து சொல்லுங்க சார். கையில ஸ்பேனர் வெச்சிக்கினு நிக்கிறாரு."

அவர் போகவில்லை. 'பொறுமை காக்கவும்' என்று எல்லோருக்கும் ஒரு மெயில் தட்டினார். அது எல்லோரிடமிருந்தும் திரும்பி வந்தது. 'மெயில் போகவில்லை' என்று சர்வர் தெரிவித்த மெயிலிலும் பூட்டு இல்லை. ஆகவே சர்வரே அதை மறுத்தது. மறுத்ததைத் தெரிவிக்க இன்னொரு மெயில். அதற்கும் மறுப்பு. இப்படித் தன்னோடு தானே சண்டை போட்டுச் சூடேறி, சர்வர் அணைந்தே போனது.

ராஜினாமாவைக்கூட மெயிலில் அனுப்ப முடியாது என்பது அப்போதுதான் கோதண்டராமனுக்கு உறைத்தது. பேப்பரை எடுத்தார்.

'மதிப்பிற்குரிய' வரை எழுதியிருப்பார். மதிப்பிற்குரிய எம்.டி. சண்முகசுந்தரமே வந்து நின்றார். கையில் லேமினேஷன் செய்த சர்டிபிகேட்.

"வந்துடுச்சுய்யா! கஸ்டமருக்கும் காட்டியாச்சு. ஆர்டர் நமக்குத்தான்!"

பேப்பர் கசங்கி பாக்கெட்டுக்குள் போனது. முதுகு நிமிர்ந்தது.

"நான் போட்ட விலக்குதான் சார். பாத்தியா ஷாரோன்? சர்வரே அணைஞ்சு கிடக்கு, மெயில் வந்திருக்கு. பாதுகாப்புன்னா இதான்!"

எம்.டி. எதற்கோ இருமினார்.

அந்த நேரம் பார்த்து, தலையில் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள் கங்கா. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்.

"எம்.டி. சார், அந்த லேமினேஷன் ஓரம் கோணலா கீது. வேற ஒண்ணு போட்டாந்தேன்."

கோதண்டராமன் அதை வாங்கிப் பார்த்தார். அதே சர்டிபிகேட்.

"இது உன்கிட்ட எப்படிம்மா வந்துச்சு?"

"எங்க கட மெயிலுக்கு வந்துச்சு."

"உங்க கடைக்கு அனுப்பச் சொன்னது யாரு?"

"இன்னா சார், உங்களுக்குத் தெரியாதா? ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாளே எம்.டி. சாரு விசிட்டிங் கார்டுல கம்பெனி மெயில் ஐ.டி.ய எடுத்துட்டு, எங்க கட மெயில் ஐ.டி.யதான போடச் சொன்னாரு."