எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

மாடியில் மறுபடியும் போன் அடித்தது.

கீழ் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெரியவள் கத்தியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அந்த வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் நடுவே ஒரு தளம் இருந்தது என்று பேர்தான். மேலே யார் எது பேசினாலும் கீழே தெளிவாகக் கேட்கும்.

"சொல்லுங்க, மரம் வெட்டறவங்கதான்," என்று ஓரகத்தி சின்னவளின் குரல் கணீரென்று இறங்கி வந்தது. "மாமரமா? மாடிக்கு மேல போயிடுச்சா? அவரு வெளியில போயிருக்காரு. வந்ததும் அனுப்பறேன்."

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. காலையிலிருந்து மேலே போன் ஓயவில்லை. இவளுடைய போன் மட்டும் மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. கெட்டுப் போய்விட்டதோ என்று கணவரின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். நன்றாகவே அடித்தது. அதில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

அண்ணன் தம்பி இருவரும் வேலை பார்த்த மரக்கிடங்கை மூடியபோது, சேர்ந்து ஆரம்பித்த தொழில் இது. வீட்டு மரங்களைக் கிளை கழித்துக் கவாத்து செய்வது, ஆபத்தாக நிற்பதை வெட்டுவது, விழுந்ததை அகற்றுவது. தம்பி ஏறுவார், அண்ணன் கீழே நின்று கயிறு பிடித்து வழி சொல்லுவார். கொஞ்ச காலம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு, ஏறுகிறவர் பெரியவரா, கயிறு பிடிக்கிறவர் பெரியவரா என்று ஒரு பேச்சு வந்தது. அது மரத்தடியில் வரவில்லை. மாடிப்படியில், இரண்டு மருமகள்களுக்கு நடுவே வந்தது.

தொழில் பிரிந்தது. பாகம் பிரித்ததில் மெஷின் ரம்பம் கீழ் வீட்டுக்கு வந்தது. ஏணியும் கயிறும் இடுப்புப் பட்டையும் மாடிக்குப் போயின. ரம்பம் வைத்திருப்பவரால் ஏற முடியாது, ஏணி வைத்திருப்பவரால் வெட்ட முடியாது. தெருவில் எல்லோருக்கும் இது புரிந்திருந்தது. அந்த வீட்டில் இருந்த நான்கு பேருக்கு மட்டும் ரோஷம் கண்ணை மறைத்திருந்தது.

பெரியவளின் கணவர் நல்ல மனிதர். அதாவது, மனைவி சொல்வதை நம்புகிறவர். தினமும் ரம்பத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு, திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மழைக்காலம் முடியறதுக்குள்ள ஒரு வேலையாவது வரணும்," என்றார். "இல்லைன்னா தம்பிகிட்டயே கூலிக்குப் போயிடறேன். அவனுக்குத்தான் இவ்வளவு வேலை வருதே, ஒரு ஆள் தேவைப்படாதா? எனக்கு இதுல ஒண்ணும் வெக்கமில்ல."

அவருக்கு இல்லை. பெரியவளுக்கு உயிரே போனது போலிருந்தது. சின்னவள் புருஷனிடம் தன் புருஷன் கூலி வாங்குவதா? சனிக்கிழமை சாயங்காலம் சின்னவள் மாடிப்படியில் நின்று, "மாமா, இந்தாங்க உங்க கூலி" என்று நீட்டுவதை அவள் மனசுக்குள் பலமுறை பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் சின்னவள் ஒரு புதுப் புடவை கட்டியிருந்தாள்.

துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போனாள். ஜன்னலுக்கு ஜன்னல் புதுத் திரைச்சீலை தொங்கியது.

"புதுசா?" என்றாள், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.

"ஆமாக்கா. வேலை வந்து குவியுது. வீட்டையும் கொஞ்சம் கவனிக்கணும் இல்ல," என்றாள் சின்னவள்.

போதாததற்கு மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு போர்டும் ஏறியிருந்தது. அங்கேதான் சிக்கல் என்று பெரியவளுக்குப் பட்டது. ஜனங்கள் மேலே இருக்கும் போர்டைப் பார்த்துவிட்டு, கீழ் வீடும் அவர்களுடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்று பளிச்சென்று சொல்லியாக வேண்டும். போர்டு எழுதுகிறவரை வரவழைத்தாள்.

"மரம் வெட்டுதல், கவாத்து, அகற்றுதல்னு போடுங்க. அடியில, எங்களுக்கு வேறு கிளைகள் இல்லைன்னு கொட்டை எழுத்துல போடுங்க."

போர்டுக்காரர் தூரிகையைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"எல்லாக் கடையிலயும் போடறதுதானே."

"அவங்க மரம் வெட்டலையேம்மா," என்றார் அவர். ஆனாலும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் தெருவில் போகிறவர்கள் நின்று நின்று படித்தார்கள். சிலர் ஆளைக் கூட்டி வந்து காட்டினார்கள். பெரியவள் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பூரித்துப்போனாள். சாயங்காலம் நிஜமாகவே ஒரு போன் வந்தது.

"உங்ககிட்ட கிளை இல்லைன்னு போட்டிருக்கே. அப்ப அடிமரம் மட்டும்தானா?" என்று ஒரு குரல் கேட்டது.

"இல்லைங்க, எல்லாம் வெட்டுவோம்."

"எனக்கு ஒரே ஒரு கிளைதான் வெட்டணும்."

"வெட்டலாங்க. அந்தக் கிளை வேற, இந்தக் கிளை வேற."

"சரிம்மா, கிளை வந்ததும் சொல்லி அனுப்புங்க," என்று அந்த ஆள் வைத்துவிட்டார்.

மேலே சின்னவள் சிரிப்பது கேட்டது. அதற்குக் காரணம் வேறாகக்கூட இருந்திருக்கலாம். பெரியவள் அப்படி நினைக்கத் தயாராக இல்லை.

அன்றைக்கே தெருமுனைத் தையல்காரம்மாவிடம் போனாள். ரெடிமேட் துணி வந்த பிறகு தையல்காரம்மாவுக்குப் பொழுது நிறைய இருந்தது.

"ஒண்ணும் பெரிசா வேணாம். அப்பப்ப எனக்கு ஒரு போன் பண்ணுங்க. மரம் வெட்டணும்னு சொல்லுங்க. மாடிக்குக் கேக்கணும், அவ்வளவுதான்."

தையல்காரம்மா ஆச்சரியப்படவே இல்லை. "காசெல்லாம் வேணாம். தைக்கறதுக்கு ஏதாவது குடுத்துக்கிட்டு இருங்க," என்றாள்.

அப்படித்தான் பெரியவள் தலையணை உறைகள் தைக்கக் கொடுக்க ஆரம்பித்தாள்.

முதல் போன் வந்ததும் பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சொல்லுங்க, என்ன மரம்?"

"வாழை மரம் சாஞ்சிருக்கு," என்றாள் தையல்காரம்மா.

"வாழையைக் காய் நறுக்கற கத்தியாலயே வெட்டலாம். பெரிய மரமாச் சொல்லுங்க," என்று வாயைப் பொத்திக் கிசுகிசுத்தாள். பிறகு கூரையைப் பார்த்து, "ஆலமரமா? பங்களாவா? தோட்டம் முழுக்கவா?" என்று கத்தினாள்.

மாடியில் சத்தமே இல்லை. பெரியவளுக்கு அன்று சாப்பாடு இறங்கியது. ஆனால் மறுநாளிலிருந்து மேலே போன் முன்னைவிட அதிகமாக அடிக்கத் தொடங்கியது. இவளும் தலையணை உறைகளைக் கூட்டினாள்.

அவள் யோசிக்காமல் விட்டது கணவரை. ஆலமரம் என்ற சத்தம் கேட்டதுமே அவர் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எந்த பங்களா? வழி சொல்லு. ஏணியை வாடகைக்கு எடுத்துக்கறேன்."

"அவங்க... மனசு மாறிட்டாங்களாம்."

"நேத்து புளியமரம்?"

"அவங்களும் மாறிட்டாங்க."

"அது எப்படி எல்லாரும் ஒரேயடியா மனசு மாறறாங்க?" என்றவர், மெதுவாக அண்ணாந்து மாடியைப் பார்த்தார். "தம்பி பூந்து கலைக்கறானா?"

பெரியவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். புதுத் திரைச்சீலை ஞாபகம் வந்தது. "எனக்கென்ன தெரியும்?" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு நாள் அவள் குளிக்கும்போது போனை அவர் எடுத்துவிட்டார். "வேப்பமரக்காரங்க பேசினாங்க. குரல் அச்சு அசல் நம்ம தையல்காரம்மா," என்றார். ஈரத் தலையோடு தையல்காரம்மாவிடம் ஓட வேண்டியதாயிற்று.

"குரலை மாத்தணுமா? எங்க வீட்டுக்காரரைப் பேசச் சொல்றேன். சும்மாத்தான் உக்காந்திருக்காரு," என்றாள் அவள்.

"இன்னொரு உதவி. மாடிக்கும் போன் பண்ணி, இல்லாத விலாசமா ஒண்ணு சொல்லுங்க. நம்பர் தரட்டுமா?"

"வேணாம், இருக்கு," என்றாள் தையல்காரம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

கொழுந்தன் ஏணியையும் கயிற்றையும் சுமந்துகொண்டு வெயிலில் போவதும், அப்படியே திரும்பி வருவதும் பெரியவளுக்குக் குளிர்ச்சியான காட்சியாக இருந்தது. ஆனால் மாடியில் போன் அடிக்கும் சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது. அதில் பாதி தானே ஏற்பாடு செய்தது என்று தெரிந்திருந்தும், ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது.

அன்று காலை பலத்த காற்று. காற்று நின்றதும் பெரியவளுடைய போன் அடித்தது. ஆண் குரல்.

"மரம் வெட்டறவங்கதானே? எங்க பேக்கரி சுவத்து மேல மரம் சாஞ்சு நிக்குது. உடனே வரணும்."

பெரியவள் மாடியைக் கவனித்தாள். சின்னவள் கடைக்குப் போயிருந்தாள்.

"ரொம்ப நல்லாப் பேசறீங்க. ஆனா இப்ப மேல யாருமில்ல. அப்புறம் பண்ணுங்க."

"என்னம்மா சொல்றீங்க? சுவரு விரிசல் விட்டிருக்கு. உள்ள அடுப்பு எரியுது."

"அடுப்பு வேறயா? அதையும் சேத்துச் சொல்லுங்க, பிரமாதமா இருக்கும். அவ வந்ததும் நான் மிஸ்டு கால் குடுக்கறேன்," என்று வைத்துவிட்டாள். தையல்காரம்மாவின் புருஷனுக்கு இவ்வளவு திறமையா என்று கொஞ்சம் வியப்பாகக்கூட இருந்தது.

சின்னவள் கடையிலிருந்து வந்த சற்று நேரத்தில் படிக்கட்டில் சத்தம் கேட்டது. அண்ணனும் தம்பியும் நடுப்படியில் முட்டிக்கொண்டு நின்றார்கள். இவர் கையில் ரம்பம், அவர் தோளில் ஏணி.

"என் ஆலமரத்த யாருடா கலைச்சது?" என்றார் கணவர்.

"உன் ஆலமரம் யாருக்கு வேணும்? என் மாமரம் எங்க? போன் வருது. நான் கிளம்பறதுக்குள்ள பார்ட்டி மனசு மாறுது. மாறலைன்னா போற இடத்துல வீடே இல்ல. இதெல்லாம் யாரு வேலை?"

"புளியமரமும் நீதானே?"

"நீ மட்டும் என் தென்னந்தோப்ப விட்டு வெச்சியாண்ணா?"

பெரியவள் கீழ்ப்படியில் நின்றாள், சின்னவள் மேல்படியில் நின்றாள். வழக்கமாக இருவரும் புருஷன் பக்கம் பேசுவார்கள். இன்று இருவருமே ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது உடம்பெல்லாம் மைதா மாவோடு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார்.

"மரம் வெட்டற வீடு இதுதானே? போன் பண்ணினா, நல்லாப் பேசறேன்னு ஒரு அம்மா பாராட்டறாங்க. இங்க வேலைக்கு வர்ற ஆள் யாராவது இருக்கீங்களா?"

பெரியவள் போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நான் வர்றேன்," என்றார் கணவர்.

"உன்கிட்ட ஏணி இல்ல. நான் வர்றேன்," என்றார் கொழுந்தன்.

"நீ ரம்பத்துக்கு எங்க போவே?"

பேக்கரிக்காரர் ரம்பத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஏறுங்கப்பா. என் அடுப்பு மேல மரம் விழப்போவுது."

ஏறினார்கள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள், எந்தப் பக்கம் கயிறு கட்டுவது என்று அண்ணன் சொல்வதும், தம்பி சரி சரி என்று தலையாட்டுவதும் தெரிந்தது.

வாசலில் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். பெரியவளுக்கு நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். வேலை வந்துவிட்டது. கணவர் கூலிக்குப் போகவில்லை, சரிசமமாகத்தான் போயிருக்கிறார். ஆனாலும் மனசு ஆறவில்லை. தனக்கு வந்தது இந்த ஒன்று. அவளுக்கு வந்தவை எத்தனை.

"உனக்கென்னம்மா," என்றாள். "இது போனாலும் நாளைக்கே வரிசையில நிப்பாங்க."

"உங்களுக்கு மட்டும் என்னக்கா?" என்றாள் சின்னவள். அவள் குரலிலும் ஏதோ புகைந்தது. "ஆலமரம், அரசமரம்னு காடே வருது. நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். அப்போது தையல்காரம்மா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இருமியபடியே வந்து சேர்ந்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கறது நல்லதாப் போச்சு," என்றாள் கம்மிய குரலில். "தொண்டை கட்டிக்கிச்சும்மா, இனிமே என்னால ஒரு வீட்டுக்குத்தான் போன் பண்ண முடியும். மொதல்ல வந்து கேட்டது சின்னவங்க, அதனால பெரியவங்க வேற ஆள் பாத்துக்கங்க."