தங்கும் காலம்

இரவு முழுக்க விமான நிலையத்தில் இமிகிரேஷன் கவுன்ட்டரில் உட்கார்ந்துவிட்டு வந்த அதிகாரி, தலையணையும் கையுமாகப் பின்னறை வாசலில் நின்றார். உள்ளே அவருடைய கட்டிலில் மைத்துனன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

தெருச் சத்தம் எட்டாத ஒரே அறை அது. அந்த அறை இல்லையென்றால் பகலில் அவருக்குத் தூக்கம் இல்லை. தூக்கம் இல்லையென்றால் ராத்திரி கண் சொக்கி, கண்டவனுக்கும் முத்திரை குத்திவிட்டு வேலையைத் தொலைக்க வேண்டியதுதான்.

மைத்துனன் வெளியூரில் வேலை போய், "நாலு நாள் இருந்துட்டுப் போறேன் அத்தான்" என்று வந்தவன். வந்தது மழைக்கு முன்னால். மழை போய், வெயிலும் வந்துவிட்டது. இவன் போகவில்லை.

"எத்தனை நாள் தங்கப் போறீங்க?" என்று முன்பின் தெரியாதவர்களையெல்லாம் முறைத்துக் கேட்பது அதிகாரியின் தொழில். அவர் புருவத்தைத் தூக்கினால் கோட்டு போட்ட ஆசாமிகூட எச்சில் விழுங்குவான். ஆனால் வீட்டில் அதே கேள்விக்கு வாய் வரவில்லை. அடுப்படிக்குப் போனார்.

"உன் தம்பி எப்ப கிளம்பறான்னு நீயே கேளேன்."

மனைவி கரண்டியோடு திரும்பினாள். "அவனயா? நாம எந்த முகத்தோட கேக்கறது?"

"ஏன், நம்ம முகத்துக்கு என்ன?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு வெக்கமா இருக்காதா?"

இவ்வளவு இளகின மனசை வைத்துக்கொண்டு இவள் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாளோ என்று அங்கலாய்த்தபடி, மாடியிலிருந்த மாமனாரிடம் போனார். மாமனார் நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"பெரியவங்க நீங்கதான் மாமா எடுத்துச் சொல்லணும். வந்தவங்க ஒரு நாள் கிளம்ப வேண்டாமா?"

மாமனார் பேப்பரைத் தாழ்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பின்னே? வேண்டாமா!" என்றார். பேப்பர் மறுபடி உயர்ந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான், எல்லைக் காவலைப் பலப்படுத்த அவருடைய இலாகாவிலேயே கூட்டங்கூட்டமாக ஆள் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்து அதிகாரியின் வயிற்றில் பாலை வார்த்தது. எல்லைச் சாவடிகளெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். போனவன் லேசில் திரும்ப முடியாது.

"டேய், கவர்மென்ட் வேலை. சாப்பாடு, துணிமணி எல்லாம் அவங்களே. நல்ல காத்து வேற."

"எனக்கெல்லாம் கிடைக்குமா அத்தான்?"

"கிடைக்க வைக்கிறேன் பாரு!"

வைத்தார். சட்டத்தை அவரே சொல்லிக்கொடுத்தார். ஓட்டப் பரீட்சைக்காக அவனை மைதானத்துக்கு இழுத்துப்போய், கூடவே ஓடித் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மைத்துனன் தேறிவிட்டான். கிளம்புகிற அன்று பெட்டியைக்கூட அவனைத் தூக்க விடவில்லை. பஸ் ஏற்றிவிட்டு ஓடிவந்து, பின்னறைக் கட்டிலில் காலை நீட்டினார். அப்பாடா!

கண்ணயர்ந்திருப்பார், அழைப்பு மணி அடித்தது. வாசலில் மைத்துனன்.

"என்னடா, எதையாவது மறந்துட்டியா?"

"இல்ல அத்தான். ஒரேயடியா இத்தனை பேரை எடுத்துட்டாங்களா, விடுதியில இடமில்லயாம். பயிற்சி இந்த ஊர்லயேதான். உள்ளூர்க்காரங்க அவங்கவங்க வீட்டுலயே தங்கிக்குங்கன்னுட்டாங்க." கொஞ்சம் விலகி நின்றான். பின்னால் பெட்டிகளோடு இரண்டு நெட்டையர்கள். "இவங்களுக்கு இங்க யாருமே இல்ல. பாவம்."

"வணக்கம் சார்!" என்று நாலு பூட்ஸ் ஒரே சமயத்தில் தரையை அறைந்ததில் ஜன்னல் கதவு ஆடியது.

பின்னறையில் மூன்று பேர் ஆனார்கள். விடிந்தால் கூடத்தில் லெப்ட் ரைட். கவுன்ட்டரில் பார்க்கிற வரிசை போதாதென்று குளியலறை வாசலிலும் வரிசை. அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினார்.

"சார், புதுப் பசங்களைச் சீக்கிரமா எல்லைக்கு அனுப்பிடுங்க சார். நாட்டுப் பாதுகாப்பு விஷயம்!"

"அனுப்பத்தான்யா பாக்கறோம். ஆளை எடுத்துட்டோம், சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்க மறந்துட்டோம். நல்லவேளை, நீங்களே ஆர்வமா வந்தீங்க. சாயங்காலம் நீங்க கிளாஸ் எடுங்க."

"நானா? அதுக்கு இடம் வேணுமே சார்?"

"'எங்க வீட்டுல எவ்வளவோ இடமிருக்கு'ன்னு உங்க மைத்துனன் சொன்னானே!"

எங்க வீடாமே! அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கூடம் நிரம்பி, மாடிப்படிவரை ஆள் உட்கார்ந்திருந்தது. மனைவி அண்டாவில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். இனி மறைமுகமாகவாவது சொல்லியே தீருவது என்று அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்குப் பாடம், சொன்ன நாளுக்கு மேல தங்கறவங்க. இவங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வரும்போது கொஞ்ச நாள்னு சொல்லுவான். அப்புறம் வீட்டுலயே நல்ல அறையாப் பாத்துப் பிடிச்சுக்குவான். போற பேச்சையே எடுக்கமாட்டான். சொந்த வீடு மாதிரி அதிகாரம் பண்ணுவான்." மைத்துனனையே குறிவைத்துப் பார்த்தார். "இப்படி ஒரு ஆள் கிடைச்சா என்ன செய்யணும்?"

"வெளியே அனுப்பணும் சார்!" என்றது கூடம். மைத்துனனின் குரல்தான் எல்லாரையும்விட ஓங்கி ஒலித்தது. அவனுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

அந்தச் சத்தத்தில் என்னமோ ஏதோவென்று மாமனார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நெட்டையர்களில் ஒருவன் துள்ளி எழுந்தான்.

"சார், ஐயாகிட்டயே விசாரிச்சுப் பழகட்டுமா?"

"தாராளமா!" என்றார் அதிகாரி. கடவுளே ஆள் அனுப்பியதுபோல் இருந்தது அவருக்கு.

"ஐயா, இந்த வீட்டுல சொன்ன நாளுக்கு மேல தங்கியிருக்கறவங்க யாராவது உண்டா?"

மாமனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்று, கூடத்தை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உண்டு தம்பி. என் பொண்ணுக்குக் கல்யாணமான புதுசுல, 'வேற வீடு பாக்கற வரைக்கும் உங்க வீட்டுல இருந்துக்கறோம் மாமா'ன்னு பெட்டியோட வந்தாரு. இப்ப உங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருக்காரு."