ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் நான் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் போதும், பிள்ளைகள் இருவரும் கைபேசியைப் பைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். மருமகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விடுவார். (நேற்று வந்த மருமகன்! அவருக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.) நான் கோபித்துக்கொள்வதில்லை. நான் செய்து வைத்த வேலை அப்படி.

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் நான் டீச்சர். வயது இருபத்து மூன்று, வாய் மட்டும் அறுபது. பயிலகத்தை நடத்தியவர் ராஜம்மா அக்கா. "இனிமே டைப்ரைட்டர வச்சிக்கிட்டு காலம் தள்ள முடியாதுலா" என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கண்ணாடி அறைக்குள் வைத்தார். அதற்குப் பாடம் நடத்த வந்தவர் செல்வம், கோலா கங்சார்க்காரர். அவர் என்னை டீச்சர் என்பார், நான் அவரை சார் என்பேன். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. (சத்தியமாக.)

ஒரு நாள் மத்தியானம் அவர் ஒரு ஃபிளாப்பியைப் போட்டு ஒரு விளையாட்டைக் காட்டினார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள். பூமிக்கடியில் ஏழு அடுக்குச் சுரங்கம், ஏழாவது அடுக்கில் ஓர் அரக்கன். நாமே ஆட்களை உருவாக்கிப் பெயர் வைத்து, சண்டை போட்டுச் சண்டை போட்டு அவர்களை வளர்த்து, கடைசியில் அவனைக் கொல்ல வேண்டும். "இதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு சார்" என்று உதட்டைச் சுழித்தேன். மறுநாள் சோற்றுப் பொட்டலத்தை அவர் மேசையில்தான் பிரித்தேன்.

மூன்று பேர் கொண்ட படை. செல்வம் வாள் வீரன், நான் மந்திரக்காரி. அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் ராஜம்மா. (நிஜ அக்காவுக்கு இது தெரியாது. எந்நேரமும் தைல பாட்டிலோடு அலைகிறவருக்கு வேறு என்ன வேலை கொடுப்பது?) சுரங்கத்துக்கு வரைபடம் கிடையாது. நாங்களே கட்டம் போட்ட கணக்கு நோட்டில் அடி அடியாக வரைந்தோம். எட்டு மாதம், ஒரு மத்தியானம்கூட விடவில்லை.

ஏழாவது அடுக்கில் அரக்கனின் கதவு முன்னால் போய் நின்ற அன்றுதான் அவர் சொன்னார்.

"டீச்சர், சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கெழமை பஸ்ஸு."

அவருக்கு வாழ்த்து சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "அப்ப அரக்கன்?" என்றேன்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சிருவோம்லா."

அந்த வெள்ளிக்கிழமை விஜயதசமி. அம்பாளே அரக்கனைக் கொன்ற நாள், நமக்கு மட்டும் ஜெயிக்காமல் போகுமா? அன்றைக்கே கொல்வோம் என்ற யோசனை என்னுடையதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அதற்கு முதல் நாள் பயிலகத்தில் சரஸ்வதி பூஜை. நான் பிறந்து வளர்ந்தது செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில். வருஷா வருஷம் அம்மா பால்வெட்டும் கத்திக்கும் வாளிக்கும், அப்பா சைக்கிளுக்கும் பொட்டு வைத்து நான் பார்த்திருக்கிறேன். பொட்டு வைத்து எதுவும் கெட்டுப்போனதில்லை. பன்னிரண்டு டைப்ரைட்டருக்கும் வைத்தேன். எங்கள் படை குடியிருந்த ஃபிளாப்பியை எடுத்தேன். அட்டை நடுவில் நீளவாட்டில் ஓர் ஓட்டை, உள்ளே பழுப்பாக மின்னுகிறது. பொட்டு வைக்கவென்றே விட்ட நெற்றி மாதிரி இருந்தது. மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, பன்னீரும் தெளித்தேன்.

'ஃபிளாப்பி ஓட்டையில் விரல் படக்கூடாது' என்று சுவரில் ஒரு அட்டை தொங்கியது. எழுதி மாட்டியது நான்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பூஜை முடிந்ததும் ஃபிளாப்பியை டிரைவில் தள்ளினார் செல்வம். கொர்ர்... கொர்ர்... என்று தேங்காய் துருவுகிற சத்தம். திரையில் ஒன்றுமில்லை.

"பயப்படாதீங்க டீச்சர், இன்னொரு காப்பி இருக்குல்ல" என்று அதை இரண்டாவது டிரைவில் போட்டார். இரண்டாவது தேங்காயும் துருவப்பட்டது.

வெளியே இழுத்துப் பார்த்தார்.

"டீச்சர், இது என்னா?"

"சந்தனம் சார்."

"ரெண்டுலயுமா?"

"ஒன்னுக்கு வச்சிட்டு இன்னொன்ன சும்மா விட்டா நல்லாவா இருக்கும்?"

அந்த மனுஷன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார். "அலாமாக்! என்னாடி, கம்ப்யூட்டர்ல கோயில் வாசனை அடிக்குது?" என்றார்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். எட்டு மாதப் படை போச்சு, அக்காவின் இரண்டு டிரைவும் போச்சு. பழுது பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் செல்வம். மாற்ற வேண்டிய சாமான் பினாங்கிலிருந்து வர வேண்டும்.

"சாமான் வரட்டும், மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டார். சாமான் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் சிங்கப்பூர் வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். என்னால்தானே ஒரு மனுஷன் பிழைப்பே போச்சு என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

அவரோ புது ஃபிளாப்பியைப் பிரித்து, "பரவால்ல டீச்சர், மொத அடுக்குலேருந்து ஆரம்பிப்போம். நோட்டு இருக்குல்ல?" என்றார். நோட்டு இருந்தது. நல்லவேளை, அதற்குப் பொட்டு அட்டையில்தான் வைத்திருந்தேன்.

இரண்டாம் முறை நான்காவது அடுக்கில் இருக்கும்போது எங்களுக்குக் கல்யாணம். பந்தியில் ராஜம்மா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, வடையைக் கடித்துக்கொண்டே காதில் சொன்னார்:

"அந்தச் சாமான் நாலாம் நாளே வந்திருச்சுடி. ஒன் புருஷன்தான் வாங்கி சோத்துப் பைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாரு. நானும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். மாப்பிள்ளை மும்முரமாகப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த விளையாட்டை மகன் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். அதே பச்சைக் கோடு, அதே மூன்று பெயர். பிள்ளைகளின் விளையாட்டுகளில் மழை பெய்கிறது, குதிரை மூச்சு விடுகிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்களை யாரோ வரைந்து கொடுத்திருக்கிறார்கள். எங்கள் சுரங்கத்தை நாங்களே கட்டம் கட்டமாக வரைந்தோம், அதனால் அது எங்கள் ஊர். இன்றும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பழைய நோட்டை விரித்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

போன விஜயதசமிக்கு மறுபடியும் அந்தக் கதவு முன்னால் நின்றோம். "தெறங்க, கொன்னுருவோம்" என்றேன். அவர் நிதானமாக மடிக்கணினியை மூடி வைத்தார்.

"முடிச்சிட்டா அப்புறம் மத்தியானத்துல என்னா பண்றது? அடுத்த வருஷம் பாப்போம்லா."

சரி, பொட்டாவது வைப்போம் என்று பூஜை அறைக்குப் போனேன். சந்தனக் கிண்ணத்தைக் காணோம். பிள்ளைகளைக் கேட்டேன், தெரியாது என்றார்கள். நேரே போய் அவருடைய பழைய சோற்றுப் பையைத் திறந்தேன். அங்கேதான் இருந்தது.