நேர் மேலே போன கருப்பட்டி

மாப்பிள்ளையூரணி

மும்பையில் கடை நடத்தும் மதிப்பிற்குரிய அத்தான் அய்யாக்குட்டி அவர்களுக்கு, மைத்துனன் பாலகணேஷ் வணங்கி எழுதுவது. இங்கே முத்துச்செல்வியும் பிள்ளை சண்முகப்ரியாவும் நலம். நானும் நலம், நெற்றியைத் தவிர. போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அக்கா கேட்டுவிடுவாள் என்பதால் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். உங்கள் மகள் நிச்சயதார்த்தத்தில் தாய்மாமன் தலையில் கட்டோடு நின்றால், குடித்துவிட்டு விழுந்தான் என்று சம்பந்தி வீட்டார் நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

பிளஸ் ஒன் படிக்கிற நம்ம ப்ரியா, ஒரு பொருளை நேர் மேலே எறிந்தால் எப்படிப் போய் வரும் என்று கிராஃப் தாளில் போட்டிருந்தாள். பார்த்தால் குன்று மாதிரி ஒரு வளைவு. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. நேர் மேலே எறிந்தது எப்படித் தள்ளிப்போய் விழும்? கூடவே நின்று அழிக்க வைத்து, ஸ்கேல் பிடித்துச் செங்குத்தாக ஒரே கோடு போட வைத்தேன். "கீழ்க்கோட்டுல இருக்கது தூரம் இல்லப்பா, நேரம்" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். மளிகைக் கடையில் ஆள் நிற்கும்போது யார் காதில் விழுகிறது. டீச்சர் முட்டை போட்டு அனுப்பிவிட்டார். அன்றோடு பிள்ளை என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வேண்டுமா என்று நான் கேட்டால் அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்வாள். அது பொறுக்காமல் பள்ளிக்கூடத்துக்கே போய் அந்த அனுஜா டீச்சரிடம் நியாயம் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "அண்ணாச்சி, வீட்ல எறிஞ்சு வீடியோ எடுங்க. பிள்ளை அதப் பாத்துப் புள்ளி வைக்கட்டும். நேர்கோடா வந்தா மார்க் தாரேன்" என்றார்.

சாயங்காலமே மொட்டைமாடி ஏறினோம். கடையிலிருந்து நல்ல கெட்டியான கருப்பட்டி ஒன்றை எடுத்துப்போய், ப்ரியா சுவரோரம் போனைப் பிடிக்க, மூச்சடக்கி எறிந்தேன். விறுவிறுவென்று போனது, போகப்போக வேகம் குறைந்து, உச்சியில் ஒரு கணம் அப்படியே நின்றது அத்தான். இத்தனை வருஷம் கருப்பட்டி விற்கிறேன், அது அப்படி நிற்கும் என்று தெரியாது. அண்ணாந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நேர் மேலே போனது நேர் கீழேதான் வரும் என்று சாதித்தது நான்தானே, அப்படியே வந்தது.

எதனால் அடிபட்டது என்று தையல் போட்ட டாக்டர் கேட்டதற்கு முத்துச்செல்வி, "படிப்பால" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ப்ரியா வீடியோவை நிறுத்தி நிறுத்தி உயரம் பார்த்துப் புள்ளி வைத்தாள். அதே குன்று வந்தது. "வலது பக்கம் நகருதது நேரம்தான்ப்பா, கருப்பட்டி இல்ல. கடைசிப் புள்ளி ஒங்க நெத்தி" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் பேசினதில் தையல் வலிகூடத் தெரியவில்லை.

அக்காவிடம் ஷட்டர் இடித்தது என்று சொல்லிவிடுங்கள். இனிப் பிள்ளை பாடத்தில் தலையிடுவதில்லை, எதையும் மேலே எறிவதில்லை என்று திருச்செந்தூர் முருகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். கல்யாணப் பெண்ணுக்கு மாமன் வாழ்த்து. உங்கள் வீட்டில் எல்லாரும் அவன் அருளால் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
பாலகணேஷ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போனால் ப்ரியா அடுத்த பாடம் வாசிக்கிறாள். கனமானதையும் லேசானதையும் சேர்த்துப் போட்டால், காத்து இடைஞ்சல் இல்லாவிட்டால், இரண்டும் ஒன்றாகத்தான் தரையைத் தொடுமாம். அதெப்படி அத்தான்? அரிசி மூட்டையும் கடுகுப் பொட்டலமும் ஒன்றா? மூட்டையை மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. இது எறிவது இல்லை, வெறுமனே கீழே போடுவது. முருகனிடம் சொன்னதில் இது சேராது. எதற்கும் தாய்மாமன் முறை செய்ய என் தம்பி ஜெயகணேஷிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.